முடிஞ்சு போச்சா, இடம் மாறிப் போச்சா?

"நட்டு அண்ணன் அவ்வளவுதான் மாமா. முடிஞ்சிருச்சு."

ஓமலூரில் ஒரு சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது அக்கா மகன் சொன்னது இது. 2025 ஐபிஎல் அப்போதுதான் முடிந்திருந்தது. டெல்லி கேபிடல்ஸ் 10.75 கோடி கொடுத்து எடுத்த நடராஜன் அந்த சீசன் முழுக்க ஆடியது 2 ஆட்டம். வீசியது ஒரு சில ஓவர்கள். விக்கெட் இல்லை.

கத்தரியை நிறுத்தாமலேயே கடைக்காரர் சேர்ந்துகொண்டார். "34 ஆச்சுல்ல தம்பி. வேகமா பந்து போடறவனுக்கு அது கெழட்டு வயசுதானுங்களே."

சின்னப்பம்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. டென்னிஸ் பால் ஆடிக்கொண்டிருந்த பையன் 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானதை இந்த வட்டாரமே தன் வீட்டு விசேஷம்போலக் கொண்டாடியது. சொந்த ஊரில் அவர் அமைத்த மைதானம் 2023-ல் திறக்கப்பட்டபோது என் அக்கா மகனும் பைக்கில் போய் வந்தான். அதே பையன்தான் இப்போது "முடிஞ்சிருச்சு" என்கிறான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உறுத்தியது. எனக்கு வயது 44. போன வருஷம்தான் வேறு கம்பெனிக்கு மாறியிருக்கிறேன். அந்தக் கதை பிறகு.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். கேள்வி எளிமையானது. வயதான ஒரு ஆட்டக்காரர் புதிய அணிக்குப் போகிறார். முதல் சீசனில் ஜொலிக்கிறார், அல்லது சொதப்புகிறார். அதை வைத்து அவருடைய ஃபார்மைப் பற்றி நிஜமாகவே என்ன சொல்ல முடியும்? இரண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. பெரிய கணிதம் எதுவும் இல்லை, பள்ளிக்கூடத்துப் புள்ளியியல் போதும்.

வாட்சன்: நமக்கு நன்றாகத் தெரிந்த கேஸ்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஷேன் வாட்சனை விட்டால் வேறு நல்ல உதாரணம் கிடையாது.

2008-ல் முதல் ஐபிஎல்லின் தொடர் நாயகன் அவர். ராஜஸ்தான் ராயல்ஸுக்காக 472 ரன், 17 விக்கெட். 2016-ல் பெங்களூரு அவரை 9.5 கோடிக்கு எடுத்தது. பந்துவீச்சில் 20 விக்கெட் எடுத்தார், ஆனால் பேட்டிங்கில் 16 ஆட்டங்களில் 179 ரன்தான். ஹைதராபாத்துக்கு எதிரான இறுதிப் போட்டியில் அவருடைய 4 ஓவரில் 61 ரன் போனது, பெங்களூரு 8 ரன்னில் தோற்றது. 2017 இன்னும் மோசம். 8 ஆட்டம், 71 ரன், 5 விக்கெட்.

அந்தச் சமயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் எங்கள் சலூன்காரர் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள். வயது 36 ஆகிறது. சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. ஆள் முடிஞ்சாச்சு.

2018 ஏலத்தில் சென்னை அவரை 4 கோடிக்கு எடுத்தது. தோனி, ஹர்பஜன், பிராவோ, இம்ரான் தாஹிர் என்று ஏற்கெனவே முப்பதைத் தாண்டிய கூட்டம். "அப்பாக்கள் படை" என்று ஊரே கிண்டலடித்தது. காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டத்தோடு அணி புனேவுக்கு மூட்டை கட்ட வேண்டியிருந்தது. அந்தப் புனேயில், ஏப்ரல் 20 அன்று, பழைய ராஜஸ்தானுக்கு எதிராகவே வாட்சன் 57 பந்தில் 106 அடித்தார். மே 27 இறுதிப் போட்டி உங்களுக்கே நினைவிருக்கும். 179 இலக்கு. முதல் 10 பந்தில் வாட்சன் ரன்னே எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் டிவி ரிமோட் பறந்தது. முடிவில் 57 பந்தில் 117, அவுட் ஆகாமல். கோப்பை சென்னைக்கு.

அந்த சீசனில் மொத்தம் 555 ரன். சராசரி 39.64. ஸ்ட்ரைக் ரேட் 154.59. "வயசானாலும் சிங்கம் சிங்கம்தான்" என்று ஸ்டேட்டஸ் போட்டவர்களில் நானும் ஒருவன்.

ஆக, 2017-ல் கிழவன், 2018-ல் சிங்கம். நடுவில் ஒரு வருஷம்தான். ஒரு மனுஷனின் உடம்பு ஒரே வருஷத்தில் அப்படி இளமைக்குத் திரும்புமா?

கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

முதலில் அந்த 555-ஐப் பிரிப்போம். இரண்டு சதங்களில் மட்டும் 223 ரன், 114 பந்து. மீதி 13 இன்னிங்ஸில் 332 ரன். அந்த 13-ன் சராசரி சுமார் 25.5. ஸ்ட்ரைக் ரேட் சுமார் 135.

இப்போது அவர் சென்னையில் ஆடிய அடுத்த இரண்டு சீசன்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

2018: 555 ரன், சராசரி 39.64, ஸ்ட்ரைக் ரேட் 154.59
2019: 398 ரன், சராசரி 23.41, ஸ்ட்ரைக் ரேட் 127.56
2020: 299 ரன், சராசரி 29.90, ஸ்ட்ரைக் ரேட் 121.05

மூன்றையும் கூட்டினால் 1252 ரன், 41 முறை அவுட். சராசரி 30.5. சரி, அவருடைய ஒட்டுமொத்த ஐபிஎல் வாழ்க்கையின் சராசரி எவ்வளவு? 3874 ரன், சராசரி 31-க்கு ஒரு நூலிழை குறைவு.

இதைப் பார்த்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சென்னையில் வாட்சன் புதுப்பிறவி எடுக்கவில்லை. வாட்சன் வாட்சனாகத்தான் இருந்தார். ஒரு வருஷம் அந்த சராசரிக்கு மேலே, ஒரு வருஷம் கீழே, ஒரு வருஷம் கிட்டத்தட்ட அதிலேயே. நாம்தான் மேலே போனபோது சிங்கம் என்றோம், கீழே வந்தபோது கிழம் என்றோம்.

14 இன்னிங்ஸ் எவ்வளவு சொல்லும்?

கொஞ்சம் பள்ளிப் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டி20 பேட்டிங்கில் பெரும்பாலும் சின்ன ஸ்கோர், எப்போதாவது ஒரு பெரிய ஸ்கோர். 4, 11, 0, 28, 16, திடீரென்று 96. இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்த கணக்கில், ஸ்கோர்களின் திட்ட விலக்கம் ஏறக்குறைய சராசரி அளவுக்கே இருக்கும். அதாவது சராசரி 31 என்றால், ஒவ்வொரு இன்னிங்ஸும் மேலும் கீழுமாக அலைவதும் கிட்டத்தட்ட 31.

ஒரு சீசனுக்குப் பதினாலு இன்னிங்ஸ் என்று வைப்போம். சீசன் சராசரி தற்செயலாகவே எவ்வளவு அலையும் என்பதற்கு 31-ஐ 14-ன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இதைத்தான் பாடப்புத்தகம் திட்டப் பிழை என்கிறது. விடை சுமார் 8.

அர்த்தம் இதுதான். திறமையில் துளி மாற்றம் இல்லாத ஒரு ஆள், வயது ஏறாமல், காயம் படாமல், ஒரே இடத்தில் ஆடினாலும், ஒரு சீசன் 23 சராசரியும் இன்னொரு சீசன் 39 சராசரியும் காட்டுவது மிகச் சாதாரணம். வாட்சனின் 23.4, 29.9, 39.6 மூன்றும் ஏறத்தாழ அந்த வரம்புக்குள்தான் விழுகின்றன.

இதையே இன்னொரு கோணத்தில் பிரான்சிஸ் கால்டன் 1886-லேயே எழுதிவிட்டார். அவர் பார்த்தது அப்பா அம்மா உயரமும் பிள்ளைகள் உயரமும். ரொம்ப உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இறங்குகிறார்கள், ரொம்பக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் ஏறுகிறார்கள். சராசரிக்குத் திரும்புதல். இதில் மந்திரம் கிடையாது. உச்சத்தில் இருக்கும் எந்த எண்ணிலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்திருக்கும், அடுத்த முறை அந்த அதிர்ஷ்டம் கூடவே வர வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்படியென்றால் எல்லாமே தற்செயலா?

இல்லை. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

பெங்களூரு கணக்கை எடுங்கள். இரண்டு சீசனிலும் சேர்த்து 250 ரன், 19 முறை அவுட். சராசரி 13.2. மேலே சொன்ன அதே முறையில் 19 இன்னிங்ஸுக்குத் திட்டப் பிழை சுமார் 7. வாட்சனின் வழக்கமான 31-லிருந்து 13.2 இரண்டரை மடங்கு திட்டப் பிழை தள்ளி நிற்கிறது. இதை முழுக்கத் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. ஏதோ நிஜமாகவே மாறியிருக்கிறது.

வயதா? 34, 35-ல் வயதானவர் 36, 37-ல் எப்படி 30 சராசரி எடுப்பார்? ஆக, வயது இதை விளக்காது.

மாறியது இடம். பெங்களூருவில் கோலி, கெயில், டிவில்லியர்ஸ் எல்லாம் ஆடிய பிறகு நடுவரிசையில் இறங்கினார். பெரும்பாலும் நிலைத்து நிற்க நேரமே கிடையாது, வந்ததும் தூக்கி அடிக்க வேண்டும். சென்னையில் அவருக்குக் கிடைத்தது ஓப்பனர் இடம். பவர்பிளேயில் வெளிவட்டத்தில் இரண்டே பீல்டர். பந்து புதிது, பேட்டுக்கு நேராக வரும். அந்த இறுதிப் போட்டியில் 10 டாட் பால் ஆடிவிட்டும் அவர் 117 அடிக்க முடிந்தது, பின்னால் ஏராளமான பந்து மிச்சம் இருந்ததால்தான். ஆறாவது ஆளாக வந்து 10 டாட் பால் ஆடியிருந்தால் மறுநாள் காலை பேப்பரில் அவர் பெயர் வேறு விதமாக வந்திருக்கும்.

கூடவே, அணி காத்திருந்தது. 2019-ல் முதல் 10 ஆட்டத்தில் வாட்சன் எடுத்தது 147 ரன். ஒரு அரைசதம்கூட இல்லை. வேறு அணியாக இருந்தால் உட்கார வைத்திருப்பார்கள். 11-வது ஆட்டத்தில், சேப்பாக்கத்தில், ஹைதராபாத்துக்கு எதிராக 53 பந்தில் 96. 14 இன்னிங்ஸே போதாது என்று மேலே பார்த்தோம். அணி நிர்வாகம் அந்தக் கணக்கைப் போட்டிருக்குமோ என்னவோ, நடந்துகொண்டது அப்படித்தான்.

இன்னும் சிலர்

ஒரே ஆளை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. எனவே மற்றவர்கள்.

அஜிங்க்ய ரஹானே: 2022-ல் கொல்கத்தாவுக்கு 7 ஆட்டம், 133 ரன், ஸ்ட்ரைக் ரேட் 104-ஐத் தொடவில்லை. "டெஸ்ட் பிளேயருப்பா" என்று முத்திரை குத்தியாயிற்று. 34 வயதில், அடிப்படை விலையான 50 லட்சத்துக்குச் சென்னை எடுத்தது. 2023-ல் 326 ரன், ஸ்ட்ரைக் ரேட் 172.49. வான்கடேயில் 19 பந்தில் அரைசதம். அந்த ஆட்டத்தைப் பார்த்தபின் டெஸ்ட் அணிக்கும் திரும்ப அழைத்தார்கள். உலக டெஸ்ட் இறுதிப் போட்டியில் 89, 46. மறுவருஷம் அதே சென்னையில் ஸ்ட்ரைக் ரேட் 123. சரி, போய்விட்டது என்று விட்டார்கள். 2025-ல் கொல்கத்தாவுக்குக் கேப்டனாகத் திரும்பி 390 ரன், ஸ்ட்ரைக் ரேட் 147. மூன்று வருஷத்தில் இரண்டு முறை "முடிஞ்சவர்", இரண்டு முறை "மீண்டவர்".

பியூஷ் சாவ்லா: இவர்தான் எனக்குப் பிடித்த கேஸ். 2020-ல் சென்னை 6.75 கோடி கொடுத்தது. 7 ஆட்டம், 6 விக்கெட். அப்போது வயது 31. 2022-ல் அவரை எடுக்க ஆளே இல்லை. 2023-ல் மும்பை 50 லட்சத்துக்கு எடுத்து எல்லா ஆட்டத்திலும் ஆட வைத்தது. 16 ஆட்டம், 22 விக்கெட். வயது 34. முப்பத்தொன்றில் கிழவன், முப்பத்துநாலில் வாலிபன். வயதைக் காரணம் காட்டுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

கிரிக்கெட்டுக்கு வெளியேயும் இதே கதை உண்டு. ஆஸ்திரேலியாவுக்கென்று தனியாக ஒரு ஃபுட்பால் இருக்கிறது. முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுவார்கள், ஒரு பக்கம் 18 பேர். அதில் பாரி ஹால் என்று ஒரு முரட்டு ஃபார்வர்டு. சிட்னி அணி 2005-ல் கோப்பை வென்றபோது முன்னணியில் நின்றவர். 2009-ல் ஒழுங்குப் பிரச்சினைகளோடு சீசன் நடுவில் சிட்னியை விட்டு வெளியேறினார். 32 வயதில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2008, 2009 இரண்டு வருஷமும் இறுதிப் போட்டிக்கு ஒரு படி முன்னால் தோற்ற அணி அது. எல்லாம் இருந்தது, முன்னால் நின்று பந்தைப் பிடித்துக் கோல் அடிக்க ஒரு நெடிய ஆள்தான் இல்லை. 2010-ல் ஹால் அடித்தது 80 கோல். நாட்டின் அந்த வருஷத்துச் சிறந்த அணியிலும் இடம் கிடைத்தது. அவருக்கு வயது குறையவில்லை. அவர் அளவுக்கு ஒரு ஓட்டை அங்கே காலியாக இருந்தது.

விலை என்னும் கண்ணாடி

மேலே சொன்ன வெற்றிக் கதைகளைத் திரும்பப் பாருங்கள். வாட்சன், ரஹானே, 2023 சாவ்லா. மூவரையும் சரிவில் இருந்தபோது சல்லிசாக எடுத்தார்கள். சராசரிக்குத் திரும்புதல் என்ற அதே விதி இங்கே வாங்கியவர்கள் பக்கம் வேலை செய்தது. அடிமட்டத்தில் இருக்கும் எண்ணுக்குப் பெரும்பாலும் மேலே போகத்தான் வழி.

உச்சத்தில் வாங்கினால் அதே விதி எதிராகத் திரும்பும். 2024-ல் ஹைதராபாத்துக்கு நடராஜன் எடுத்தது 14 ஆட்டத்தில் 19 விக்கெட். டெல்லிக்கு எதிராக டெல்லியிலேயே 19 ரன்னுக்கு 4 விக்கெட். அதற்கடுத்த ஏலத்தில்தான் 10.75 கோடி.

விலை இன்னொரு வேலையும் செய்கிறது, நம் கண்ணை மாற்றிவிடுகிறது. அஸ்வினை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் 38 வயதில், 9.75 கோடிக்கு, பழைய வீடான சென்னைக்குத் திரும்பினார். 9 ஆட்டம், 7 விக்கெட், ஓவருக்கு 9-க்கு மேல் ரன். அணி கடைசி இடம். ஆகஸ்டில் ஐபிஎல்லுக்கே விடை சொன்னார். எல்லோரும் சரிவு என்றார்கள். ஆனால் முந்தைய சீசன் முழுக்க ராஜஸ்தானுக்கு அவர் எடுத்ததே 9 விக்கெட்தான். ஆட்டத்துக்கு இத்தனை என்று பார்த்தால் விக்கெட் குறையவே இல்லை. ரன் கொஞ்சம் கூடுதலாகப் போனது நிஜம். ஆனால் நம்மைக் கோபப்படுத்தியது அந்த 9.75 என்ற எண்.

சரி, வயது என்று ஒன்று இல்லவே இல்லையா?

இருக்கிறது. இதை மறைத்தால் இந்தக் கட்டுரை வெறும் ஆறுதல் வார்த்தையாகிவிடும்.

வாட்சனின் ஸ்ட்ரைக் ரேட்டைத் திரும்பப் பாருங்கள். 2018-ல் இரண்டு சதங்களைக் கழித்த பிறகும் 135. அடுத்து 127. அடுத்து 121. சராசரி ஏறி இறங்கியது. இது மட்டும் ஒரே திசையில், படிப்படியாக. ஒருகாலத்தில் முக்கிய ஆயுதமாக இருந்த பந்துவீச்சு சென்னைக்கு வந்த பிறகு ஏறக்குறைய நின்றே போனது. 2019 இறுதிப் போட்டியில் முழங்காலில் ரத்தம் கசிய 80 ரன் அடித்தவர், கடைசி ஓவரில் ரன் அவுட் ஆனார். சென்னை 1 ரன்னில் தோற்றது. 2020 சீசனோடு ஓய்வு.

இம்ரான் தாஹிர் 2019-ல் 40 வயதில் 26 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கினார். மறுவருஷம் கிடைத்தது 3 ஆட்டம். அணி முழுக்க வயதானால் என்ன ஆகும் என்பதற்கும் 2020 சென்னையே சாட்சி. 8 அணியில் 7-வது இடம், முதல் முறையாக பிளே ஆஃப் இல்லை. நாம் வாட்சனையும் தாஹிரையும் நினைவு வைத்திருக்கிறோம். சத்தமில்லாமல் மறைந்தவர்களை எண்ணுவதில்லை. "வயசானாலும் சிங்கம்" என்ற கதைக்கு அந்த மறதியும் ஒரு காரணம்.

எனவே என் முடிவு இது. வயது மெதுவாக, ஒரே திசையில் போகும். தற்செயல் வேகமாக, இரண்டு திசையிலும் ஆடும். இடம் மாறினால் எண் ஒரே நாளில் தாவும், மறுபடி மாறும்வரை அங்கேயே நிற்கும். புதிய அணிக்குப் போன ஒரு பெரிய வயதுக்காரரின் எண் சட்டென்று விழுந்தால், நான் சந்தேகப்படும் வரிசை: முதலில் எத்தனை ஆட்டம் என்று பார்ப்பேன். அடுத்து எந்த இடத்தில் ஆட வைத்தார்கள் என்று பார்ப்பேன். வயதைக் கடைசியில்தான் பார்ப்பேன். நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

என் கணக்கு

போன வருஷம் வரை 11 வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தேன். டேட்டாபேஸ், பின்பக்க வேலை. குழுவையே கலைத்தார்கள். அலைந்து திரிந்து வேறு இடம் கிடைத்தது. அங்கே எனக்குக் கொடுத்தது மொபைல் ஆப்பின் திரைகளைச் செய்யும் வேலை. சுற்றிலும் 26, 27 வயதுப் பிள்ளைகள். ஆறு மாதம் கழித்து வந்த மதிப்பீட்டில் "எதிர்பார்த்த அளவுக்கு இல்லை" என்று ஒரு வரி. வீட்டில் சொல்லவில்லை. சலூனில் அந்தப் பேச்சு காதில் விழுந்தபோது என் சட்டைப்பையில் இருந்த போனில் அந்த மெயில் இருந்தது.

நடராஜனுக்கும் வாட்சனுக்கும் போட்ட கணக்கை எனக்கும் போட்டேன். கடைசி நாலு வருஷத்தில் முடித்த வேலைகளை ஒரு தாளில் எழுதினேன். புது இடத்தில் ஆறு மாதத்தில் என் கைக்கு வந்த பெரிய வேலைகள் ஐந்தே ஐந்து. அதில் ஒன்றுகூட நான் ஓப்பனராக ஆடிப் பழகிய ஆட்டம் இல்லை.

ஆனால் வயதின் கோடும் அந்தத் தாளில் இருந்தது. புதிய கோடைப் படித்துப் புரிந்துகொள்ள முன்பைவிட அதிக நேரம் எடுக்கிறது. ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்தால் மறுநாள் முழுக்க வீண். அது போன வருஷம் தொடங்கியதில்லை, நாலு வருஷமாகவே மெல்ல வருகிறது. அதையும் எழுதி வைத்தேன்.

அந்தத் தாளோடு என் மேனேஜரிடம் போனேன். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். "சார், டேட்டாபேஸ் பக்கம் ஒரு மாட்யூல் கொடுங்க, ஆறு மாசம் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் ஆகிறது. வேலை ஓடுகிறது. ஆனால் ஒரு மாட்யூலை வைத்து "சிங்கம்" என்று நானே ஸ்டேட்டஸ் போட்டுக்கொள்ளப் போவதில்லை. மேலே எழுதிய கணக்கு எனக்கும் பொருந்தும்.

போன ஞாயிறு அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். எழுதியதைப் படித்துக் காட்டினேன். பாதியில் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான். திட்டப் பிழை வந்த இடம் என்று நினைக்கிறேன். முடித்ததும் கேட்டான்.

"அப்போ நட்டு அண்ணன் திரும்ப வருவாருங்கறீங்களா மாமா?"

"ரெண்டே ரெண்டு மேட்ச்சுடா. அதை வெச்சு வருவாருன்னும் சொல்ல முடியாது, முடிஞ்சாருன்னும் சொல்ல முடியாது. பத்து மேட்ச் ஆட விட்டுட்டு அப்புறம் பேசுங்க."

"அந்தப் பத்து மேட்ச் யாரு குடுப்பா?" என்றான்.

நியாயமான கேள்வி. புள்ளியியலில் அதற்கு ஃபார்முலா இல்லை. வாட்சனுக்கு ஒருத்தர் கொடுத்தார்.